1954 ஷெவர்லே ட்ரக் ரேடியோ: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

போன வருடம் சனிக்கிழமைகளில் ஆளையே காணோமே என்று கேட்ட நண்பர்களுக்கு இந்தக் கட்டுரைதான் பதில். ஒரு பழைய ட்ரக்கின் ரேடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் எழுதி வைத்த குறிப்புகள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. இதே வேலையில் இறங்கும் இன்னொருவருக்கு உபயோகப்படக்கூடியதை மட்டும் இங்கே தருகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், இண்டியானாபொலிஸுக்கு வடக்கே. எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா வாங்கிய 1954 ஷெவர்லே 3100 பிக்கப் ட்ரக் இன்னும் கொட்டகையில் ஓடுகிற நிலையில் நிற்கிறது. ட்ரக் என்றதும் நம் ஊர் லாரியை நினைக்க வேண்டாம். முன்னால் மூன்று பேர் உட்கார ஒரே நீள சீட், பின்னால் திறந்த தொட்டி, அவ்வளவுதான். ரேடியோ அதில் தனியாகக் காசு கொடுத்துப் பொருத்திக்கொள்ளும் சாமான். டெல்கோ தயாரிப்பு. டெல்கோ ரேடியோ என்பது ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு. இருந்தது இதே இண்டியானாவில், கோகோமோ என்ற ஊரில். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அந்த ரேடியோ வாய் திறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். பெரியவரின் மகன் ஒரு யோசனை சொல்லியிருந்தார். உள்ளே இருப்பதையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு, எஃப்.எம்., ப்ளூடூத் எல்லாம் உள்ள புது போர்டு ஒன்றை அதே பெட்டிக்குள் வைத்துவிடலாம். வெளியே குமிழும் டயலும் பழையபடியே இருக்கும். இப்படி மாற்றித் தருபவர்கள் இங்கே இருக்கிறார்கள், வேலையும் சுத்தமாகத்தான் செய்கிறார்கள். பெரியவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "நீ எஞ்சினியர்தானே, இது மறுபடி பேசுமா என்று பார்த்துச் சொல்லேன்" என்றார். சின்ன வயதில் வயல் ஓரத்தில் ட்ரக்கை நிறுத்தி, அப்பாவோடு சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் கேட்ட ரேடியோ அது.

நான் படித்தது பி.இ. எலெக்ட்ரானிக்ஸ், பிழைப்பது ஜாவாவில். நாங்கள் கல்லூரிக்குள் நுழைந்தபோது வால்வுகளை சிலபஸிலிருந்தே எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் ஒன்று தெரியும்: வழித்து எடுத்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. சாஃப்ட்வேரில் என்றால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம். இதில் முடியாது. அதனால், முடிவு எதுவானாலும் முதலில் அது ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்வோம் என்று பெரியவரிடம் இரண்டு மாதம் தவணை கேட்டேன். (எட்டு மாதம் ஆனது.)

முதல் விஷயம் 6 வோல்ட். இன்றைய கார்களில் 12 வோல்ட் பேட்டரி. ஷெவர்லே ட்ரக்குகள் 12-க்கு மாறியது 1955-இல் வந்த அடுத்த மாடலில்தான். இது 1954 என்பதால் 6 வோல்ட், நெகட்டிவ் எர்த். அதே காலத்து ஃபோர்டு என்றால் பாசிட்டிவ் எர்த். வயரைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் கதை கந்தல். வால்வின் பெயரில் வரும் முதல் எண் அதன் ஹீட்டருக்கு எவ்வளவு வோல்ட் என்பதைக் குறிக்கும். 6வி6, 6எஸ்ஏ7 என்று அந்தக் காலத்து வால்வுகள் எல்லாம் 6-இல் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். துல்லியமாக 6.3 வோல்ட். லெட் ஆசிட் பேட்டரியில் ஒரு செல் 2.1 வோல்ட், மூன்று செல் சேர்ந்தால் 6.3. கார் பேட்டரிக்கு ஏற்ப வந்த அந்த எண்ணை, பேட்டரியே இல்லாத வீட்டு ரேடியோக்களும் பிறகு எடுத்துக்கொண்டன.

ஹீட்டர் சூடாகிவிடும், சரி. வால்வு வேலை செய்ய இன்னொரு மின்னழுத்தமும் வேண்டும். சுமார் 200, 250 வோல்ட். 6 வோல்ட் பேட்டரி மட்டும் உள்ள வண்டியில் இதற்கு எங்கே போவது? சிகாகோவில் பால் கால்வின் நிறுவனம் 1930-இல் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோ கொண்டுவந்த காலத்தில், இதற்கென்று தனி பேட்டரிகளை வண்டியின் தரைக்கடியில் பெட்டி கட்டி வைத்தார்கள். தீர்ந்தால் புதிது வாங்க வேண்டும். அந்தத் தொல்லையை ஒழித்தது வைப்ரேட்டர் என்ற சின்ன சாதனம்.

ட்ரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை ஏற்றித் தரும், ஆனால் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரத்தை மட்டும்தான். பேட்டரியிலிருந்து வருவதோ நேர் மின்சாரம். ஆகவே அதை வெட்டி வெட்டி அனுப்ப வேண்டும். பள்ளிக்கூட லேபில் மின்சார மணி பார்த்திருப்பீர்களே? காந்தம் இழுக்கும், தொடர்பு அறுபடும், பட்டை திரும்பி வரும், மறுபடி இழுக்கும். வைப்ரேட்டர் அதேதான். தகர டப்பாவுக்குள் ஒரு மெல்லிய பட்டை நொடிக்குச் சுமார் 115 தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டி, ட்ரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதிகளுக்கு மாற்றி மாற்றி மின்சாரம் தரும். ஏறிய மின்னழுத்தத்தை ஒரு ரெக்டிஃபையர் திரும்ப நேராக்கும். பல கார் ரேடியோக்களில் அதற்கு 0இசட்4 என்ற வால்வு. பெயரில் பூஜ்யம் இருப்பதால் ஹீட்டரே கிடையாது. பேட்டரிக்கு அவ்வளவு மிச்சம். வண்டியில் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும், பத்து இருபது நொடி கழித்துத்தான் பாட்டு வரும். அந்த ரீங்காரம் இந்த டப்பாவினுடையது.

எங்கள் செட்டில் ரீங்காரமே இல்லை. டப்பாவைத் திறந்து பார்த்தால், தொடர்பு முனைகளில் கறுப்பாகப் பாசி பிடித்த மாதிரி ஒரு படலம். மெல்லிய உப்புத்தாளை நடுவில் விட்டு இழுத்துச் சுத்தம் செய்ததும் துள்ள ஆரம்பித்துவிட்டது. அப்போதே செட்டில் மாட்டிப் பார்க்கத் தோன்றும். கூடாது. ட்ரான்ஸ்ஃபார்மரின் ஏறிய பக்கத்தில் பஃபர் கெபாசிட்டர் என்று ஒன்று இருக்கும். தொடர்பு அறுபடும் ஒவ்வொரு தடவையும் கிளம்பும் மின்னழுத்த அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்கிறது. எழுபது வருடக் காகிதமும் மெழுகும் அந்த வேலையைச் செய்யும் என்று நம்பக்கூடாது. அது ஷார்ட் ஆனால் வைப்ரேட்டரின் முனைகள் ஒட்டிக்கொள்ளும், ட்ரான்ஸ்ஃபார்மரும் புகையும். வைப்ரேட்டர் ரேடியோ கையில் கிடைத்தால் மின்சாரம் கொடுக்கும் முன்பே மாற்ற வேண்டிய முதல் பொருள் இதுதான். பழையதில் என்ன மதிப்பு எழுதியிருக்கிறதோ அதே மதிப்பு, 1600 வோல்ட் தாங்கக்கூடியதாக. "கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே" என்று மதிப்பை ஏற்றிப் போடவும் கூடாது. அது ட்ரான்ஸ்ஃபார்மரோடும் வைப்ரேட்டரின் வேகத்தோடும் பொருத்திக் கணக்கிட்ட எண்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 6 வோல்ட் ரேடியோதானே என்று யாரும் உள்ளே விரலை விட்டுவிடாதீர்கள். உள்ளே 250 வோல்ட் ஓடுகிறது, அணைத்த பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும்.

எதை மாற்றுவது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விதி இந்த இடத்தில்தான் பிறந்தது. காலத்தால் ரசாயன ரீதியாகக் கெடும் பொருள்கள் எல்லாம் போகட்டும்: மெழுகுக் காகித கெபாசிட்டர்கள், எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள், ரப்பர் உரித்த வயர்கள், மதிப்பு ஏறிப்போன ரெசிஸ்டர்கள். இவற்றைக் காப்பாற்றுவதில் பக்தி எதுவும் இல்லை. குறிப்பாகக் கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் கெபாசிட்டர் கசிந்தால், அந்த வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, ஸ்பீக்கர் ட்ரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். சிலர் பழைய கெபாசிட்டர் கூட்டைக் குடைந்து, புதியதை உள்ளே ஒளித்து, மெழுகு ஊற்றி மூடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எடுத்த பழைய பொருள்களை ஒரு உறையில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதிப் பெரியவரிடம் கொடுத்துவிட்டேன்.

மற்றவை, அதாவது இந்த வண்டிக்காகவே யோசித்துச் செய்த பகுதிகள், அப்படியே இருக்கட்டும். இதைப் புரிந்துகொள்ள நான் ஒரு விலை கொடுத்தேன்.

கெபாசிட்டர்கள் மாற்றி, ஸ்பீக்கரின் கிழிந்த காகிதத்தை டிஷ்யூ பேப்பரும் பசையும் வைத்து ஒட்டி, 6 வோல்ட் பேட்டரியில் மாட்டியதும் ரேடியோ பேசியது. மெலிதாக, ஆனால் பேசியது. நிலையங்கள் கொஞ்சம் ஒன்றோடொன்று கலந்து வந்தன. ட்யூனிங் விலகியிருக்கிறது, ஐ.எஃப். திருகிச் சரிசெய்யலாம் என்று சிக்னல் ஜெனரேட்டரை எடுத்தேன். சூப்பர்ஹெட் ரேடியோ எந்த நிலையத்தைப் பிடித்தாலும், அதை ஒரே நிலையான அலைவரிசைக்கு மாற்றிக்கொண்டுதான் பெருக்கும். அதுதான் ஐ.எஃப். அது எவ்வளவு? 455 கிலோஹெர்ட்ஸ். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஜெனரேட்டரை 455-இல் வைத்துவிட்டுத் திருகுகிறேன், திருகுகிறேன், உச்சம் என்று ஒன்று வரவே இல்லை. நான்கு திருகையும் கடைசி வரை சுற்றிவிட்டேன். கடைசியில் இருந்த மெல்லிய குரலும் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்துத்தான் புத்தி வந்தது. 455 என்பது வீட்டு ரேடியோவின் கணக்கு. அமெரிக்கக் கார் ரேடியோக்களில் பெரும்பாலும் 262.5 கிலோஹெர்ட்ஸ். சர்வீஸ் குறிப்பின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. வேலையில் ஜூனியர் பையன்களிடம் "முதலில் டாக்குமெண்டைப் படி" என்று சொல்பவன் நான்!

ஏன் 262.5 என்று பிறகு யோசித்தேன். வீட்டில் பத்து மீட்டர் கம்பியை மாடியில் கட்டலாம். வண்டியில் ஒரு மீட்டர் சொச்சத்துக்கு ஒரு குச்சி ஏரியல்தான், அதிலும் ஓடிக்கொண்டே கேட்க வேண்டும். எனவே பெருக்கும் திறன் கூடுதலாக வேண்டும். ஐ.எஃப். தாழ்வாக இருந்தால் அதே வால்வில் அதிகம் பெருக்கலாம், பக்கத்து நிலையத்தையும் நன்றாக ஒதுக்கலாம். இதற்கு ஒரு கெடுதல் உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும், ஐ.எஃப்.-ஐப் போல இரண்டு மடங்கு மேலே ஒரு நிழல் நிலையம் இருக்கும். 455 என்றால் 700-க்கு நிழல் 1610-இல், அந்தக் கால ஒலிபரப்புப் பட்டைக்கு வெளியே. 262.5 என்றால் நிழல் 1225-இல், பட்டைக்குள்ளேயே! அதைத் தடுக்கத்தான் முன்பக்கத்தில் இன்னொரு பெருக்கி வால்வும் கூடுதல் ட்யூனிங் சுருளும். குறுகிய ஏரியலுக்கு அவை எப்படியும் தேவை. ஒரு தீர்வின் கெடுதலை இன்னொரு தீர்வு ஏற்றுக்கொள்கிறது.

ட்யூனிங் குமிழும் அப்படித்தான். வீட்டு வால்வு ரேடியோவில் தகடு தகடாகச் சுழலும் கேங் கண்டென்ஸர் பார்த்திருப்பீர்கள். குண்டும் குழியுமான மண் சாலையில் அந்தத் தகடுகள் அதிர்ந்தால் நிலையமும் ஆடும். இதில் தகடுகள் இல்லை. கம்பிச் சுருள்களுக்குள் இரும்புத்தூள் குச்சிகள் உள்ளே வெளியே போய் வருகின்றன. ஏரியல் கேபிளைக்கூட ட்யூனிங் சர்க்யூட்டின் ஒரு உறுப்பாகக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் ஏரியலையோ கேபிளையோ மாற்றினால், 1400 பக்கத்தில் மெலிவான ஒரு நிலையத்தை வைத்து, ஏரியல் ட்ரிம்மரைத் திருகி ஒலியை உச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். பல பேர் இதை விட்டுவிட்டு "பழைய ரேடியோ, இவ்வளவுதான் எடுக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள்.

262.5-இல் திரும்பச் சரிசெய்த அன்று ராத்திரி டயலை மெதுவாகச் சுற்றினேன். 700-இல் சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. கணீரென்று வந்தது. 50 கிலோவாட் நிலையம் அது. 1930-களில் சில வருடம் சோதனையாக 500 கிலோவாட்டில் ஒலிபரப்பியது. அதன் அன்றைய முதலாளி பவல் கிராஸ்லி, ரேடியோவும் தயாரித்தார், ரெட்ஸ் அணியையும் வாங்கினார். அடுத்து 720-இல் சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். அங்கே கை கொஞ்சம் நின்றது. 720 நம் சென்னை ஏ. எங்கள் வீட்டு ரேடியோவில் முள் பல வருடம் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. இந்தியாவில் நிலையங்களுக்கு நடுவே 9 கிலோஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 10. இரண்டாலும் மீதியின்றி வகுபடும் எண்களில் 720 ஒன்று. திருச்சியின் 936 அப்படி இல்லை. பத்துப் பத்தாகத் தாவும் அமெரிக்க டிஜிட்டல் ரேடியோவால் அதில் நிற்கவே முடியாது. முள் உள்ள ரேடியோவுக்கு இந்தக் கவலை கிடையாது.

டயலைப் பற்றி இன்னொன்று. 640-க்கும் 1240-க்கும் எதிரே இரண்டு குட்டி முக்கோணங்கள் உண்டு. கோனல்ராட் என்ற பனிப்போர் கால ஏற்பாட்டின் அடையாளம். தாக்குதல் வந்தால் மற்ற அலைவரிசைகள் ஓய்ந்துவிடும், இந்த இரண்டில் மட்டும் அறிவிப்பு வரும். எதிரி விமானம் வானொலி நிலையத்தின் அலையைப் பிடித்து நகரத்துக்கு வழி கண்டுபிடிக்கக்கூடாதாம். 1953 முதல் 1963 வரை அமெரிக்க ரேடியோக்களில் இந்தக் குறி இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளியில் மேஜைக்கடியில் ஒளியப் பழக்கினார்கள் என்று பெரியவர் சொன்னார்.

பெஞ்சில் பேசிய ரேடியோ வண்டியில் மாட்டியதும் கரகரத்தது. காரணம் வண்டியேதான். ஸ்பார்க் ப்ளக்கில் பறக்கும் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். மார்க்கோனி தொடங்கியதே பொறியில்தான். டிஸ்ட்ரிப்யூட்டர் வயரில் ஒரு சப்ரஸர் ரெசிஸ்டர், ஜெனரேட்டரின் ஆர்மேச்சர் முனையில் ஒரு கெபாசிட்டர். ஃபீல்டு முனையில் அதைப் போடவே கூடாது, ரெகுலேட்டரின் தொடர்பு முனைகள் கருகிவிடும். அந்தக் காலத்தில் முன் சக்கர மூடிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் வைப்பார்கள், டயரில் சேரும் நிலைமின்சாரத்தை எர்த் செய்ய. அடுத்து வயர். எங்கள் செட் 7 ஆம்பியர் இழுக்கிறது. வழியில் 0.1 ஓம் தடை இருந்தால்கூட 0.7 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட்டில் அது தெரியாது, 6-இல் பத்தில் ஒரு பங்குக்கு மேல். துருவைச் சுரண்டி எர்த்தைச் சரிசெய்ததில் பாதிக் கரகரப்பு போயிற்று.

இனி மகனின் ப்ளூடூத். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வண்டியில் ஏறினால் அவர்கள் பாட்டும் வேண்டாமா. வால்யூம் கண்ட்ரோலுக்குள் ஒலி நுழையும் இடத்தில், ஒரு கெபாசிட்டர் வழியாக வெளி ஒலியைக் கொடுத்தால் போதும். ஃபோனில் வரும் பாட்டும் அதே வால்வு, அதே ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். பெட்டியில் ஒரு துளைகூடப் போடவில்லை. இரண்டு சால்டர் முனையை எடுத்தால் பழையபடி. ப்ளூடூத் போர்டுக்கு வேண்டியது 5 வோல்ட். வண்டியின் 6 வோல்ட்டோ ஓட ஓட 5.5-க்கும் 7.2-க்கும் நடுவில் ஆடுகிறது. அதற்காக ஏற்றவும் இறக்கவும் தெரிந்த ஒரு சின்ன கன்வெர்ட்டர் போட்டேன். அது ஓடினால் டயல் முழுக்க இரைச்சல்! நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தை வெட்டும் சாதனம் அது. வைப்ரேட்டரின் பேரப்பிள்ளைதான், தாத்தாவைவிடச் சத்தம் போடுகிறது.

மின்சாரக் கார்களில் ஏ.எம். எடுபடாமல் போவதும் இதே காரணத்தால்தான். மோட்டாருக்கான இன்வெர்ட்டர் போடும் இரைச்சலை அடக்கச் செலவாகும் என்று சில கம்பெனிகள் ஏ.எம்.-ஐயே எடுத்துவிட்டன. ஃபோர்டு எடுக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் 2023 மே மாதம் பின்வாங்கியது. எல்லா வண்டியிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்று ஒரு மசோதாவும் அதே மாதம் அமெரிக்கக் காங்கிரஸுக்கு வந்தது. என் தீர்வு அவ்வளவு பெரிதல்ல: சீட்டுக்கடியில் ஒரு ஸ்விட்ச். ஏ.எம். கேட்கும்போது கன்வெர்ட்டர் செத்துக் கிடக்கும்.

வைப்ரேட்டருக்குப் பதிலாக, அசையும் பாகமே இல்லாத ட்ரான்ஸிஸ்டர் மாற்று ஒன்றும் வாங்கியிருந்தேன். வால்வு மாதிரியே சொருகும் பொருள், அதனால் எப்போது வேண்டுமானாலும் பழையதைத் திரும்பப் போடலாம். என் கணக்கில் அதுதான் புத்திசாலித்தனம். முனை தேயாது, ஒட்டாது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பெரியவரை உட்கார வைத்து, 700-ஐ வைத்துக் கொடுத்தேன். ரெட்ஸ் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அணைத்தார், மறுபடி போட்டார், டாஷ்போர்டுப் பக்கம் காதைக் கொண்டுபோனார்.

"அந்த ங்ங் சத்தம் எங்கே?"

விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார். "நல்லதுதான். ஆனால் அதைக் கேட்டால்தான் அப்பா பேச்சை நிறுத்துவார்" என்றார்.

சுத்தம் செய்த பழைய வைப்ரேட்டரைச் சொருகிவிட்டு, புதியதைத் துணியில் சுற்றி க்ளவ் பாக்ஸில் வைத்தேன். மகனிடம் எப்படி மாற்றுவது என்று காட்டியாயிற்று. டயல் விளக்கு மட்டும் இன்னும் விட்டு விட்டு எரிகிறது. ஹோல்டரில் எர்த் சரியில்லை என்று நினைக்கிறேன், வருகிற சனிக்கிழமை பார்க்க வேண்டும்.